துண்டுக்கு ஒரு கொழுந்து

நெல்லியாளம்,
18.7.1988

அன்புள்ள லோயிஸ் அக்காவுக்கு,

தங்கை தபித்தாளின் ஸ்தோத்திரங்கள். நானும் அம்மாவும் கர்த்தரின் கிருபையால் இருக்கிறோம். சுகம் என்று எழுத மனம் வரவில்லை. ஒன்பது நாளாக மழை, விறகெல்லாம் ஈரம்.

நீ அனுப்பிய இங்கிலீஷ் புத்தகத்தைக் கிழியக் கிழியப் படித்தேன். அதில் காட்டியபடி ஒவ்வொரு சொல்லையும் பென்சிலால் துண்டு போட்டு, துண்டுக்கு ஒரு தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டே சொல்லிப் பழகினேன். ஹாஸ்-பி-டல், மூன்று கொழுந்து. டெம்-ப-ரே-சர், நான்கு. மேஸ்திரி சுடலைமுத்து அண்ணன், "ஏம்புள்ள, ஜெபமா, மந்திரமா?" என்று கேட்டார். பக்கத்து வரிசையில் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தது.

போன மாதம் கோயமுத்தூரில் நர்ஸ் படிப்புக்கு இன்டர்வியூ. ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார்கள். கை சும்மா இருந்தால் எனக்கு நாக்கு புரளாது. மேசைக்கடியில் தாவணி முனையைக் கிள்ளிக் கிள்ளி வாசித்து முடித்தேன். இடம் கிடைத்துவிட்டது அக்கா. ஆகஸ்ட் முதல் தேதி சேர வேண்டும்.

ஆனால் அம்மாவுக்கு இந்த மாதத்தோடு வேலை முடிகிறது. அதன் இடத்தில் நம்மில் ஒருத்தி பேர் பதிந்தால்தான் தோட்டத்து லைன் வீடு நமக்கு. இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். நீதான் பதிவதாக இருந்தது. "நீ படி, ஊட்டை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுத்தானே இரண்டு வாரத்துக்கென்று திருப்பூர் போனாய்? பதினொரு மாதம் ஆகிறது. உன்மேல் எனக்குக் கோபம்தான். அங்கே நிம்மதியாக இருக்கிறேன் என்று நீ எழுதியதைப் படித்தபிறகு, வா என்று கூப்பிடவும் மனசு கேட்கவில்லை. 

அம்மா என்னைப் போ என்கிறது. நீ எங்கே இருப்பாய் என்று நான் கேட்டால், கோயில் வராந்தா இல்லையா என்கிறது. நேற்று அடுப்பு ஊதிக்கொண்டே டெம்-ப-ரே-சர் என்று தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தது. ஒரு துண்டுகூடத் தப்பவில்லை. நான் வெளியே போய் மழையில் நின்று அழுதேன்.

29-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆபீசில் கையெழுத்து. அதற்குள் நீ வந்தால் நான் போவேன். வராவிட்டால் நானே கையெழுத்துப் போட்டுவிடுவேன். அதற்காக உன்னை யாரும் ஒரு சொல் சொல்ல விடமாட்டேன்.

இரண்டாவது புத்தகம் வாங்கி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அதைத் தபாலில் அனுப்பாதே. கையில் கொண்டு வா.

நீ ஏறும் பஸ்ஸுக்குக் கர்த்தர் துணையிருக்கட்டும்.

உன் தங்கை,
தபித்தாள்