கணுக்காலில் கட்டிய கயிறு

மதினி,

நேற்று உங்கள் மகன் தொம்மை வந்திருந்தான். உங்கள் தகரப்பெட்டியைத் திறந்து சேலைகளை மருமக்கள் பங்கு வைத்துக்கொண்டார்களாம். பெட்டியின் அடியில் கிடந்ததை மட்டும் துணியில் சுருட்டி எனக்குக் கொண்டுவந்தான். "அத்தை, அம்மா இத எதுக்கு வச்சிருந்தாவன்னே தெரியல. ஒங்ககிட்ட குடுக்கச் சொன்னாவ" என்றான்.

பிரித்துப் பார்த்தேன். நாலு முழக் கயிறு. நடுவில் ஒரு முடிச்சு. இத்தனை வருஷம் கழித்தும் உப்பு வாடை போகவில்லை.

உங்கள் அடக்கத்தன்று என் மகன் சவரி சவப்பெட்டியின்மேல் கவிழ்ந்து அழுதான். ஐம்பது வயதுக்காரன், துறைமுகத்தில் ஆட்களை அதட்டி வேலை வாங்குகிறவன். எனக்கும் இப்படி அழுவானா என்று நின்ற இடத்திலேயே யோசித்தேன். அந்த நேரத்தில் ஒருத்தி நினைக்கிற நினைப்பா அது? ஆனாலும் நினைத்தேன். இனி உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

இந்தக் கயிற்றுக் கதை தொடங்கியது உலகச் சண்டைக்காலத்தில். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டில் உங்களோடு இருந்தேன். வாசலிலிருந்து ஐம்பது எட்டு வைத்தால் கடல். தொம்மை நடக்கத் தொடங்கியதும் அண்ணனின் பழைய தோணிக் கயிற்றில் ஒரு துண்டை வெட்டி அவன் இடுப்பில் கட்டினீர்கள். மறுமுனையை உரலில் கட்டிவிட்டு அடுப்படிக்குப் போவீர்கள். அவன் இழுத்து இழுத்து அழுவான்.

"என்ன மதினி, பிள்ளைய ஆட்டுக்குட்டி கணக்கா கட்டிப்போட்டிருக்கியோ?" என்றேன்.

"கட்டாம? கடலு தூக்கிட்டுப் போனா நீயா பெத்துத் தருவ?"

"எனக்குப் பிள்ள பொறந்தா கட்ட மாட்டேன். அன்பாச் சொன்னா கேக்கும்."

"பெத்துப் பாரு, ஏளா" என்று சிரித்தீர்கள்.

ஐந்தாம் வகுப்புவரை படித்தவள் நான், நீங்கள் கைநாட்டு. அந்தத் திமிர் எனக்கு நிறைய இருந்தது. பிள்ளையை அடிக்கக் கூடாது, வேளைக்குத்தான் பால், அழுதவுடன் தூக்கக் கூடாது, தின்பண்டம் காட்டி ஏமாற்றக் கூடாது என்று மனசுக்குள் ஒரு சட்டப்புத்தகமே வைத்திருந்தேன்.

பிறகு எனக்கும் கல்யாணமாகி இரண்டு வீடு தள்ளிக் குடிவந்தேன். என் வீட்டுக்காரர் சங்கு குளிக்கப் போனார். அவர் கயிற்றை அண்ணன் பிடித்தார். நம் ஆட்களில் அதுதானே முறை. கடலுக்குள் இறங்குகிறவன் கயிறு மச்சினன் கையில்தான் இருக்க வேண்டும், தங்கச்சியை நினைத்தாவது அந்தக் கை தளராது என்று. கீழேயிருந்து ஒரு சுண்டு சுண்டினால் மேலே இழுத்துவிட வேண்டும்.

சவரி பிறந்த மூன்றாம் மாதமே என் சட்டமெல்லாம் பறந்துபோயிற்று. அவன் அழுதால் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். சோறூட்டும் வயதானதும் இரண்டு வாய் இறங்க உடன்குடிக் கருப்பட்டியைக் காட்டிக் கெஞ்சினேன். ஒருநாள் முதுகில் ஓர் அடி வைத்துவிட்டு, அவனைவிட அதிகமாக நான் அழுதேன். கயிறு ஒன்றைத்தான் நான் தொடவில்லை. அதை உங்களிடம் வாய்விட்டுச் சொல்லித் தொலைத்திருந்தேனே!

அவன் ஓடித் திரியத் தொடங்கிய பிறகு, ஒருநாள் மீனைக் கீறி உப்புத் தடவிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் பிள்ளையைக் காணவில்லை. கையில் கத்தியோடு ஓடினேன். ஈர மணலில் சின்னப் பாதத் தடம் தண்ணீர்வரை போயிற்று. அதற்கு மேல் இல்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த கிழவர்தான், "ஏளா, ஒம் மதினி இப்பந்தான் தூக்கிட்டுப் போனா" என்றார்.

உங்கள் முற்றத்துக்கு வந்தேன். சவரியின் இடுப்பில் கயிறு. என்னிடம் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறவன் உங்கள் கையில் ஆவென்று வாயைத் திறந்து சோறு வாங்கிக்கொண்டிருந்தான். உயிரோடு இருக்கிறானே என்று விழுந்து கும்பிட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தச் சோற்றுக் கைதான் கண்ணில் பட்டது.

"ஏம் பிள்ளையக் கட்ட நீங்க யாரு?"

"நெஞ்சளவு தண்ணில நின்னான் ளா."

"வாலே வீட்டுக்கு" என்று அவனை இழுத்தேன். அவன் "மாமி, மாமி" என்று உங்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டான். கையிலிருந்த மீன்கத்தியால் கயிற்றை அறுத்தேன். அவனைப் பிடிக்க நீங்கள் எழுந்தீர்கள். அறுந்த துண்டு உங்களோடு தரையில் இழுபட்டு வந்தது. மறுமுனை உரலில் இல்லை. உங்கள் கணுக்காலில் இருந்தது.

"ஒரல்ல கட்டுனா ஆட்டுக்குட்டின்னு நீதான சொன்ன" என்றீர்கள். "தொம்மய அப்படிப் போட்டது எனக்கு இன்னும் குத்துது. அதான் இவன எங் கால்ல கட்டுனேன். அவன் ஒரு சுண்டு சுண்டுதான், நான் ஒரு சுண்டு சுண்டுதேன். அதுக்கு என்னமா சிரிக்கான் தெரியுமா?"

என் பேச்சைக் கேட்டுத் திருந்தியதும் நீங்கள், அதன் பலனை அனுபவித்ததும் நீங்கள். இதற்கு மேல் வயிறு எரிய வேறென்ன வேண்டும்?

வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வேறொரு கயிற்றை என் காலில் கட்டினேன். அவன் அதைத் தொடவே இல்லை. "மாமி கவுறு, மாமி கவுறு" என்று மூன்று நாள் அழுதான். நாலாம் நாள் அறுந்த துண்டோடு அவனை உங்கள் முன்னால் இறக்கிவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "கட்டுங்க" என்றேன்.

நீங்கள் குத்திக்காட்டவில்லை. இரண்டு துண்டையும் சேர்த்து முடிந்தீர்கள். ஒரு முனையை அவன் இடுப்பில் கட்டினீர்கள். மறுமுனையோடு என் காலடியில் குனிந்தீர்கள்.

"ஏங் கால்ல எதுக்கு?"

"பிள்ள ஒன்னுதுல்லா?"

அவன் சுண்டினான். நான் சுண்டினேன். சிரித்தான். உங்களைப் பார்த்துத்தான் சிரித்தான் மதினி. அதை நான் இன்றுவரை மறக்கவில்லை.

இப்போது சவரியின் மகள் கைப்பிள்ளையோடு வந்திருக்கிறாள். "ஆச்சி, அழுதவொடன தூக்காதீங்க, கெட்டுப்போவான்" என்று எனக்கே பாடம் எடுக்கிறாள். நேற்று தொம்மை போன பிறகு, தவழ்ந்து திரிகிற அவள் பிள்ளையின் இடுப்பில் கயிற்றைத் தளரக் கட்டி, மறுமுனையை என் கணுக்காலில் கட்டிக்கொண்டேன். அது சுண்டிற்று. நான் சுண்டினேன். பொக்கை வாயால் சிரித்தது, என்னைப் பார்த்தே சிரித்தது. பங்குக்கு யாருமில்லை. ஆனாலும் பக்கத்தில் நீங்கள் நிற்கிறீர்களா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டேன்.

"இது யாரு ஆச்சி ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்தா?" என்றாள் பேத்தி.

"யாரும் இல்ல, நானாத்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, காலில் ஒரு சுண்டு. பிள்ளைதான் இழுத்தது, தெரியும். இருந்தாலும் பேத்தியைக் கூப்பிட்டேன்.

"ஏளா, தொம்ம மாமாவோட அம்மா சொல்லிக்குடுத்தது."

"யாரு, எங்கப்பா அப்படி அழுதாவளே, அவங்களா?"

"ஆமா, அவியதான்."

சொல்லிவிட்டேன், மதினி. ஆனால் கயிறு இப்போது என் காலில்தான் இருக்கிறது.