கராஜில் ஒரு கதவு

அன்பே,

எண்ணெய் வயல் முகாமில் குளிர் எப்படி? இங்கே வாசலில் பனி தங்குவதே இல்லை. உன் மகள் ஹேசல் காலையிலேயே தள்ளிவிடுகிறாள். பாத்திரம் கழுவுகிறாள், தம்பிக்குப் பாடம் சொல்லித்தருகிறாள். நீ கேட்ட பொறுப்பெல்லாம் வந்துவிட்டது. முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வதுகூட இல்லை.

அன்று வேலை சொன்னதற்குக் கதவை அறைந்து சாத்தினாள் என்று, அவள் அறைக் கதவையே கழற்றிக் கராஜில் சாய்த்துவைத்துவிட்டுப் போனாயே. "இது என் வீட்டுக் கதவு! நான் வர்ற வரைக்கும் யாரும் மாட்டக்கூடாது" என்றாய்.

பதிமூன்று வயதுப் பெண், போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அதற்குள்ளேயே உடை மாற்றுகிறாள். பார்க்கச் சகிக்காமல் நேற்று நானே மாட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

"இப்ப சந்தோஷமாடி?" என்றேன்.

"நினைச்சா கழட்டுவீங்க, நினைச்சா மாட்டுவீங்க. இதுக்குப் பேரு கதவாம்மா?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

கதவு இருக்கிறது. அவள் சாத்துவதே இல்லை.

சனிக்கிழமை நீ வருவதற்குள் மறுபடி கழற்றிவிடலாமா என்றும் ஒரு யோசனை. மாட்டிய கதவைப் பார்த்தால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கடிதத்தை எழுத நம் அறைக் கதவைச் சாத்தப் போனேன். அதுவும் உன் வீட்டுக் கதவுதானே. கை வரவில்லை.

உன் மனைவி