நாற்பது சங்கிலிக்கு ஒரு கையெழுத்து

என் அன்பு மகளுக்கு,

நாங்கள் இங்கே சுகம், உன் அண்ணனுடைய வாய் இன்னும் கொஞ்சம் கூடுதல் சுகம். நீயும் இருமல் நின்று, வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நினைத்தே எழுதுகிறேன். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை. பட்டறையில் உன் அண்ணன் எவர்சில்வர் சங்கிலி நாற்பது செய்து முடித்திருக்கிறான், ஒரு முதியோர் இல்லத்துக்கு, நடக்க முடியாதவர்களைத் தூக்கிக் குளியல் தொட்டியில் இறக்கும் கருவிக்கு. பாதி வேலையில், ஒட்டு கருகாமல் காக்கிற வெல்டிங் கேஸ் தீர்ந்துபோனது, நம் வீட்டுத் துரை நிறுத்துவாரா, அப்படியே ஒட்டித் தள்ளினார், ஒட்டெல்லாம் கருகிச் சொரசொரவென்று கிடந்தது. அதைக் கிரைண்டரில் தேய்த்து, பாலிஷ் ஏற்றி, "பாரும்மா, கண்ணாடி மாதிரி மின்னுது" என்று என் மூக்கருகே நீட்டினான். "அவங்க தொங்கிக்கிட்டே தலை சீவப் போறாங்களாடா, இழுத்துப் பாத்தியா" என்று கேட்டேன். "உனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல" என்று முறைத்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு ஊஞ்சல் கட்ட உன் அண்ணி சங்கிலி கேட்டாள். நாற்பதும் வாசலிலேயே மின்னிக்கொண்டு கிடக்கின்றன, உன் அருமை அண்ணன் அவற்றைத் தாண்டி உள்ளே போய், அலமாரிக்கு அடியில் கிடந்த பழைய சங்கிலியைத் தேடி எடுத்து, தானே அதில் தொங்கிப் பார்த்த பிறகுதான் பிள்ளையை உட்கார வைத்தான். "ஏண்டா, மின்னுறது புள்ளைக்குப் பிடிக்காதா" என்றேன். காது சிவக்க ஊஞ்சலை ஆட்டத் தொடங்கிவிட்டான். மறுநாள் அப்பாவைக் கூட்டிப்போய் நாற்பதில் ஒன்றை ஜாக்கியில் மாட்டி இழுக்கச் சொன்னேன், ஒரு ஆள் பாரத்தில் பாதிகூட ஏறவில்லை, மூன்றாவது கண்ணி ஒட்டிய இடத்திலேயே வாயைப் பிளந்தது. மேலே தோல்போல ஒட்டியிருக்கிறது, உள்ளே ஒன்றும் பிடிக்கவில்லை. கொண்டுபோய் அவன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். "ஒண்ணுதானே போச்சு, தங்கச்சி இன்ஜினீயர், அவ கையெழுத்துப் போட்டா எவன் கேக்கப் போறான்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கவளம் எடுத்துக்கொண்டான்.

அந்தக் கையெழுத்துக்கான தாள் உன்னிடம் வரும். 'சோதித்துப் பார்த்தேன், பாதுகாப்பானது' என்று அவனே அடித்து, கீழே உன் பேருக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறான். நம் குடும்பத்தின் முதல் பட்டம் உன்னுடையது, அதையும் கருகின ஒட்டின்மேல் பூசுகிற பாலிஷ் என்று நினைத்துவிட்டான். நீ யாரிடமும் முடியாது என்று சொல்லிப் பழகாதவள் என்பது அவனுக்கும் தெரியும், அதுதான் எனக்குப் பயம்.

நீ நிமிர்ந்த தலையோடு நெடுநாள் வாழ வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் அதுவே. மறந்துவிடாதே, அவனோடு பேசக் கூச்சமாக இருந்தால் பேசவே வேண்டாம், தாளை அப்படியே என் பேருக்குத் திருப்பி அனுப்பு. உன் பேர் இல்லாத அந்த இடத்தை நானே அவனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா