செருப்புப் போட்டுத் தொடும் மெஷின்

ஜூன் 4, புதன்

விடாத மழை. எதிர் மலை தெரியவில்லை. வாஷிங் மெஷின் வந்துவிட்டது. ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் படிகளில் தூக்கி வருவதற்குள் எல்லோருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் இடமில்லை. வெளியே இஸ்தோப்புத் திண்ணையில், தண்ணீர் பைப்புக்குப் பக்கத்தில் வைத்தோம்.

என் மனைவி சாந்தி இங்கே இருந்தபோது விடியற்காலையில் மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீரில் நின்று துவைத்துவிட்டுத்தான் கொழுந்து பறிக்கப் போவாள். அந்தக் குளிருக்கு விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிடும். எண்ணெய் தடவிவிட்டால் "எரியுதுங்க, எரியுதுங்க" என்பாள், கையை மட்டும் எடுக்கமாட்டாள். குவைத்தில் வீட்டு வேலை முடிந்து இந்த மாதக் கடைசியில் வருகிறாள். வந்தால் பீலிப் பக்கமே போகக்கூடாது. மெஷின் வாங்கியது அதற்குத்தான்.

செய்ய வேண்டியது: ப்ளக். பைப்புக்கு ஹோஸ். தகரத்தில் ஒழுகும் இடத்துக்குத் தார்.

ஜூன் 5, வியாழன்

மெஷின் ப்ளக் நம்முடைய பழைய சுவர்ப் பொயின்டில் ஏறவில்லை. அடுத்த காம்பரா ராசுவைக் கூப்பிட்டேன். லயத்தில் லைட் எரியாவிட்டாலும் டிவி ஓடாவிட்டாலும் அவன்தான். ப்ளக்கை வெட்டி எறிந்தான். உள்ளே மூன்று வயர். இரண்டை வேறு ப்ளக்கில் மாட்டினான். பச்சை வயரை மடக்கி டேப் சுற்றினான்.

"இது எதுக்குடா?"

"அது சும்மாண்ணே. நம்ம லயத்துல யாரு வீட்ல அது இருக்கு? எல்லாம் ரெண்டு வயர்லதான ஓடுது?"

சரிதானே என்று பட்டது. ஓடவும் ஓடியது. மகள் கவி கையைத் தட்டிக் குதித்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை! லயமே வந்து கண்ணாடி வழியாகத் துணி சுற்றுவதைப் பார்த்தது.

ஜூன் 7, சனி

மழை. பொன்னம்மா அக்கா பேரனின் கம்பளியைக் கொண்டுவந்தார். மூடியில் கை வைத்தவுடன் "ஆத்தாடி!" என்று பின்னால் போனார்.

"சுர்ருங்குதுடா தம்பி!"

ராசு சிரித்தான். "வெறுங்காலோட தொட்டா அப்படித்தான்க்கா. செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்க."

போட்டுத் தொட்டார். ஒன்றும் இல்லை. அப்படியே வழக்கமாகிவிட்டது. மெஷின் பக்கத்தில் பொதுவாக ஒரு ஜோடி ரப்பர் செருப்பு.

"கோயிலுக்குப் போனா கழட்டணும், இதுக்கிட்ட வந்தா மாட்டணும். இது என்னா சாமியோ!" என்றார் அக்கா. எல்லோருக்கும் சிரிப்பு. எனக்கும்தான்.

சாந்தியின் நீலச் சுவெட்டர் ஆணியில் அப்படியே தொங்குகிறது. போகிற அன்று காலை கழற்றி மாட்டியது. இதையும் மெஷினில் போடலாமா என்று கவி கேட்டாள். வேண்டாம் என்றேன். காரணம் கேட்கவில்லை, நல்ல வேளை. கழுத்துப் பக்கம் இன்னும் அவள் வாசனை இருக்கிறது. தேயிலை பெக்டரி வேலையிலிருந்து வந்ததும் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பேன். இதையெல்லாம் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

ஜூன் 8, ஞாயிறு

பின்னேரம் சாந்தி வீடியோவில் வந்தாள். இளைத்திருக்கிறாள். கேட்டால் போன் அப்படிக் காட்டுகிறதாம். கவி போனைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்புக்கு ஓடினாள், மெஷினைக் காட்ட.

"ஏன்டி வீட்ல செருப்பு போட்டிருக்க?"

கவி சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அக்கா துள்ளியதை நடித்தும் காட்டினாள். சாந்தி சிரிக்கவில்லை.

"அப்பாக்கிட்ட போனக் குடு."

வாங்கினேன்.

"ஏங்க, ஒங்களுக்குப் புத்தி இருக்கா? மொதல்ல அந்த வயர உருவுங்க. நான் பாக்குறேன், உருவுங்க."

உருவினேன்.

"இங்க மெஷினு லேசா சுர்ருன்னதுக்கே மேடம் மெயின நிப்பாட்டி ஆளு கூப்புட்டாங்க. அதுவரைக்கும் என்னயத் தொடவே விடல. வேலைக்காரிக்கு இருக்குற காவலு எம்புள்ளைக்கு இல்லையா? நான் யாருக்காக இங்க கெடக்குறேன்?"

அழுதாள் என்று நினைக்கிறேன். போனுக்குள் கை நீட்டி முகத்தைத் துடைக்கவா முடியும்?

ஜூன் 10, செவ்வாய்

தூறல். அரை நாள் லீவு போட்டு டவுனிலிருந்து கரண்ட் வேலை தெரிந்த வயரிங் பாஸைக் கூட்டி வந்தேன். சிங்களவர், நிதானமான மனிதர். மெஷினின் தகரத்தில் டெஸ்டரை வைத்தார். எரிந்தது. ராசுவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சும்மா என்று மடக்கிய பச்சை வயர்தான் எர்த். கசியும் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோவது. அது இல்லாததால், தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகப் பார்க்கிறது. ஈரச் செருப்பை நம்பினால் ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் ஆளையே தூக்கிவிடுமாம். கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து நிறுத்த, லயத்துக் கடைசியில் இருக்கும் ட்ரிப் சுவிட்சைத் திறந்தவர் தலையில் கை வைத்தார். மழைக்கு அடிக்கடி விழுகிறது, டிவியில் நாடகம் பார்க்க முடியவில்லை என்று நாங்கள்தான் அதை விட்டு நேரே வயரை இழுத்து டைரக்ட் பண்ணச் சொன்னோம், ராசுவிடம்.

"ஒயாலா வாசனாவந்தய்" என்றார். அதிர்ஷ்டக்காரர்களாம் நாங்கள்.

தகரம் ஒழுகி நனைந்த வயரை மாற்றி, ட்ரிப்பை மறுபடி இணைத்தார். வயர் சரியானால் ட்ரிப் சும்மா விழாதாம். எர்த்துக்கு லயத்துக்குப் பின்னால் மண்ணில் செப்புக் கம்பி அடித்தார். சம்மட்டி பிடித்தது ராசு. மெஷினையும் திறந்து, உள்ளே ஈரம் ஏறியிருந்த இடத்தைச் சரிசெய்தார். மூன்று ஓட்டைப் பொயின்ட் புதிது. மெஷின் இப்போது மழை படாமல் காம்பராவுக்குள். என் கட்டில் இஸ்தோப்பில். பரவாயில்லை, மாதக் கடைசிக்குள் ஏதாவது செய்யலாம்.

ஜூன் 11, புதன்

பெக்டரியிலிருந்து வந்தேன். ஆணியில் சுவெட்டர் இல்லை.

"கரண்டு சரியானதும் மொத உடுப்பு அம்மாவோடதா இருக்கட்டும்னு போட்டேன்ப்பா. அம்மா வந்தா உடுத்தணும்ல?"

அடுப்புக்கு மேல் கொடியில் தொங்கியது. முகத்தில் வைத்துப் பார்த்தேன். சவர்க்காரத் தூள் வாசனை. கவியைத் திட்ட வாய் வரவில்லை. புகை கண்ணில் பட்டது என்று சொன்னேன்.

ஜூன் 12, வியாழன்

மழை. சாந்தியின் போன். மேடத்துக்குப் புது ஆள் கிடைக்கவில்லையாம். டிக்கெட் தள்ளிப்போகிறது. எப்போது என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் அழுவாள்.

"மெஷினு இன்னும் சுர்ருங்குதா?"

"இல்ல."

"வயரிங் பாஸு பாத்தாருதான? மெய்யாவா?"

"மெய்யா."

"தொட்டுட்டுச் சொல்லுங்க."

மூடியில் உள்ளங்கையை வைத்தேன். வெறுங்கால்தான். சில்லென்று இருந்தது, அவ்வளவுதான்.

"ஒன்னுமே இல்ல சாந்தி."

"அப்பாடா" என்றாள்.

சுவெட்டர் இன்னும் காயவில்லை.