மருமகன் தந்த பன்னீர்

1951 ஜூலை 19, வியாழன்

கர்க்கடக மாச மழை விட்டபாடில்லை. துணியெல்லாம் ஈர வாசனை. ஆறாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகள் பாதிதான் திருத்தினேன்.

சாலை பஜாரில் உளுந்து, புளி, விளக்குத் திரி. பலசரக்குக் கடையில் முன்பின் தெரியாத ஓர் அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்: "டீச்சர்தான ரேடியோவுல தங்கச்சியா பேசுகது? ஒங்க அண்ணன் நாளைக்கு யாரச் சுடப்போறான்?" எனக்கு அண்ணனே கிடையாது. சொன்னால் கேட்கிறாளா!

வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் ரேடியோ நிலையத்தில் நாங்கள் போடும் தொடர் நாடகம். அரிசி கடத்தும் ஒரு குடும்பத்தின் கதை. குடும்பத் தலைவர் பெயர் மூத்தவர். நான் அவர் தங்கை. மூத்தவராகப் பேசுவது நாராயண பிள்ளை, செக்ரட்டேரியட் குமஸ்தா. மேலதிகாரி இருமினால் எழுந்து நிற்கிற மனிதர். மைக் முன்னால் நின்று "கூட்டிட்டு வாலே அவன" என்றாரானால் என் முதுகு சில்லிடும். அந்த ஒட்டடைக் குச்சி உடம்புக்குள் இப்படி ஒரு குரலைக் கடவுள் எங்கே ஒளித்து வைத்தாரோ! பழவங்காடியில் தேங்காய்க்காரன் அவருக்கு மட்டும் தட்டித் தட்டிப் பார்த்து நல்லதாகத் தருகிறானாம். பயம்!

ஜூலை 20, வெள்ளி

இன்றைய கட்டம் முடிந்தது. லாரி பிடிபட்டது. காட்டிக் கொடுத்தது தன் தங்கை மகன்தான் என்று மூத்தவருக்குத் தெரிய வருகிறது. அதோடு நிறுத்திவிட்டார்கள், பாவிகள். வரும் வழியில் டீக்கடை ரேடியோவைச் சுற்றி அத்தனை குடை. ஒரு குடை அசையவில்லை.

வீட்டில் இவர் சொன்னது: "நல்லாத்தான் இருந்தது. அழும்போது மூக்கை உறிஞ்சாதே." வேறு பாராட்டு எதிர்பார்த்த என்னைச் சொல்லவேண்டும்.

என் தங்கை வடிவு கேட்கவில்லையாம். பாதியில் ரேடியோவை அணைத்துவிட்டாளாம். அணைக்கத்தானே செய்வாள். நாங்கள் நடிக்கிறோம், அவள் அதில் குடியிருக்கிறாள். அவள் வீட்டுக்காரர் தாணு, சாலை பஜாரில் நிஜமாகவே அரிசி கடத்தும் அண்ணாச்சியின் சொந்தத் தங்கை மகன். அண்ணாச்சிக்கு ஆரல்வாய்மொழி எல்லை வழியாக அரிசி லாரி ஓட்டினவர். ஓடுகிற லாரியிலிருந்து கூட வந்தவன் விழுந்து செத்தான். நிறுத்தாமல் போகச் சொல்லி மாமாவின் உத்தரவு. அதற்குப் பிறகு ஒருநாள் தாணு போலீஸில் போய்ச் சொல்லிவிட்டார். இரண்டு லாரி போயிற்று. யார் சொன்னது என்று அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. கரமனையில் அவர்கள் தெரு முக்கில் இரண்டு ஆட்கள் பகலெல்லாம் நிற்கிறார்கள். வடிவுக்கு ஏழாம் மாதம்.

ஜூலை 23, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஓர் ஆள்: "டீச்சர, அண்ணாச்சி ஒண்ணு பாக்கணும்னு சொன்னாவ." போகாமல் இருக்க முடியுமா?

அரிசி மண்டியின் உள்ளறை. பெரிய ரேடியோ, அதற்குப் பூப்பின்னல் உறை, மேலே பிச்சிப்பூச் சரம். சாமிக்குப் போடுவதுபோல. அண்ணாச்சி கட்டையான ஆள், வெள்ளை வேட்டி, வெற்றிலை. சத்தமே கிடையாது. ஒரு விரல் தூக்கினார். முதுகில் மூட்டையோடு போனவர்கள் மூட்டையோடேயே நின்றுவிட்டார்கள்! ராஜா கூட இப்படி இருந்திருக்கமாட்டார்.

"வாங்கம்மா. சுக்குக் காப்பி குடிக்கேளா? வெள்ளிக்கெழம நாடகம் முடியுறவரைக்கும் நம்ம கடைல தராசு அசையாது, கேட்டேளா. ஒங்க சத்தம் செத்துப்போன எந்தங்கச்சி சத்தம் மாதிரியே இருக்கு. அடுக்களைல நின்னு பேசுகது போல."

தாணுவின் அம்மாவைச் சொல்கிறார்.

"மூத்தவரு அந்தப் பயல என்ன செய்யப் போறாரு?"

"எழுதுறவருக்குத்தான் தெரியும் அண்ணாச்சி."

"நல்ல மூளையுள்ள ஆளு அவரு. அவரு செய்யதப் பாத்துட்டு நாமளும் ஒரு முடிவுக்கு வரலாம்னு இருக்கேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். விளையாட்டா, நிஜமா? ரேடியோவில் இருக்கிற மூத்தவரிடம் யோசனை கேட்கிறாரே இந்த மனிதர்! நாராயண பிள்ளையின் கிழிந்த குடையை இவர் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு தம்ளர் தண்ணீர். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ரேடியோவுக்கே போகாதே என்பார்.

ஜூலை 25, புதன்

கரமனை போனேன். முருங்கைக்கீரை, மாங்காய் ஊறுகாய் கொண்டுபோனேன். முக்கில் அந்த இருவர். ஒருவன் எனக்குக் கும்பிடு போட்டான், நாடகம் கேட்கிறவன் போலிருக்கிறது. கும்பிடும் கையால்தானே நாளை வெட்டுவான்.

தாணு ஜன்னல் பக்கமே வருவதில்லை. "ஊர விட்டுப் போயிருங்க" என்றேன். "எங்க போனாலும் மாமா கை எட்டும் மதினி" என்றார். அதில் ஒரு பெருமைகூட இருந்தது. ரத்தம்!

வடிவு அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். தாணுவின் அம்மா இருந்தவரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளாம். காது குத்தும்போது குழந்தைத் தாணு தன் மாமா மடியில் ஒன்றுக்குப் போய்விட்டாராம். சரிகை வேட்டி, புத்தம் புதுசு. மாற்றிக்கொள் என்று எல்லோரும் சொல்ல, "மருமவன் தந்த பன்னீரு, காயட்டும்" என்று அதே வேட்டியோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாராம்.

அந்த மனிதரா இந்த அண்ணாச்சி?

ஜூலை 26, வியாழன்

ஒத்திகை. நாளைய கட்டத்தைப் படித்தேன். மூத்தவர் தங்கை மகனைச் சுடச் சொல்கிறார். பெற்றவள், அதாவது நான், சொல்ல வேண்டியது ஒரே வரி: "உன் இஷ்டம் அண்ணே." எந்த ஊர்த் தாய் சொல்வாள்?

தயாரிப்பாளரிடம் கேட்டேன். "மேலே அனுமதி வாங்கியாச்சு. ஒரு எழுத்து மாத்த முடியாது. தியாகம் டீச்சர், தியாகம்!" தியாகமாம். அவர் பிள்ளையைத் தியாகம் செய்யட்டுமே.



ஜூலை 27, வெள்ளி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

சிவப்பு விளக்கு எரிந்தது. எரிந்துவிட்டால் அப்புறம் வாயிலிருந்து விழுவதெல்லாம் ஊருக்குப் போய்விடும், திரும்பப் பிடிக்க முடியாது. படித்து முடித்த தாளைச் சத்தம் வராமல் ஒவ்வொன்றாகத் தரை விரிப்பில் நழுவவிடுவோம். மூலையில் ஒலிக்காரர், கையில் அடிக்கோலும் பலகையும். கோலைப் பலகையில் ஓங்கி அடித்தால் அதுதான் துப்பாக்கி.

என் வரி வந்தது. கண்முன் அந்தப் பூப்பின்னல் உறை போட்ட ரேடியோ. தாளை நழுவவிட்டேன்.

"அண்ணே, ஒம் மடில வச்சுத்தான அவனுக்குக் காது குத்துனோம். ஒம் புது வேட்டிய நனைச்சானே. மாத்திக்கிடுண்ணேன்னு நான் கெஞ்சுனேனே. மருமவன் தந்த பன்னீரு, காயட்டும்னு சொன்னியே. அந்த மடி இப்ப எங்கண்ணே?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் இரண்டு கையையும் வீசுகிறார். நாராயண பிள்ளை என்னைப் பார்த்தார். அவருடைய அடுத்த சொல் "சுடுலே". ஒலிக்காரர் கோலை ஓங்கிவிட்டார். சத்தமில்லை. ஊர் முழுவதும் அந்த நேரம் என்ன நினைத்ததோ. மூக்கை உறிஞ்சினேன், வேண்டுமென்று இல்லை.

நாராயண பிள்ளையின் தாளும் விழுந்தது. இடி முழக்கமெல்லாம் இல்லை. மெதுவாக, அவருடைய சொந்தக் குரலில்:

"அவனுக்கு எலையப் போடு. பசியா இருப்பான்."

ஒலிக்காரர் கோலைப் பூப்போலக் கீழே வைத்தார். சங்கீதம் போட்டு மூடிவிட்டார்கள்.

ஐயோ, அந்த நிமிஷம்! இத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன், கோயில் கோயிலாகக் கும்பிட்டிருக்கிறேன். இப்படி உடம்பு புல்லரித்ததில்லை.

பிறகு வசவு. "ரெண்டு பேரும் இனி இந்தப் படி ஏற வேண்டாம்!" வாசலில் நாராயண பிள்ளை பழையபடி நடுங்கினார். "டீச்சர, நான் பேசுனது தெற்றா, தப்பா? நீங்க அழுதப்போ சுட மனசு வரல்ல, அவ்வளவுதான்." அவர் காலில் விழலாம் போலிருந்தது.

ஜூலை 28, சனி

மழை. பால்காரன் வரவில்லை. கரமனைக்கு ஓடினேன். முக்கில் அந்த இருவர் அப்படியே நிற்கிறார்கள். இன்று கும்பிடவும் இல்லை.

பைத்தியக்காரி. குடும்பத்துக்குள் இருந்ததை ஊர் கேட்கச் சொல்லி, இருந்த கொஞ்சம் இரக்கத்தையும் கெடுத்தேனோ? இங்கேயே தங்குகிறேன். இவரும் வந்துவிட்டார். எல்லாம் சொன்னேன். திட்டவில்லை. கதவுக்குத் தாழ் போட்டு, அம்மிக்குழவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதைத் தூக்கவே அவருக்கு இரண்டு ஆள் வேண்டும்.

ஜூலை 29, ஞாயிறு

காலையில் முக்கில் கார் நின்றது. அண்ணாச்சி. தனியாக. கொட்டுகிற மழையில் குடையில்லாமல் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"பன்னீர்ச் சங்கதி யாரு சொன்னா?"

நான் வாயைத் திறப்பதற்குள் வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள். "அத்தை சொல்லுவா மாமா. சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

அண்ணாச்சி முகத்தில் வழிந்தது மழைதானா, எனக்குத் தெரியாது. அந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. உள்ளே தூண் மறைவில் நின்ற தாணுவை நோக்கி:

"சாப்ட்டியாலே?"

"இல்ல மாமா."

"சாப்புடு. லாரிப் பக்கம் இனி வராத."

திரும்பி நடந்தார். தாணு மூலையிலிருந்த குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். வடிவு என் கையை நகம் பதியப் பிடித்தாள். மாமா தலைக்கு மேல் குடை, மருமகன் முழுக்க நனைந்தபடி, இருவரும் முக்கு வரை போனார்கள். அங்கே நின்ற இரண்டு ஆட்களும் காரில் ஏறினார்கள். கார் போயிற்று. தாணு தனியாக, சொட்டச் சொட்டத் திரும்பி வந்தார். வடிவு இலை போட்டாள்.

குடையை அண்ணாச்சி கொண்டுபோய்விட்டார். அது நேற்று இவர் கொண்டுவந்த குடை. யார் போய்க் கேட்பது?