முப்பதாம் நாள் டம்ப்ளிங்

ஜூன் 10, செவ்வாய்

காலையிலிருந்து ஓயாத காற்று. ரோட்டில் போகிற சிமெண்ட் லாரித் தூசி முழுக்க நம் வீட்டுக்குள்தான். இரண்டு தடவை கூட்டியாயிற்று. மூன்றாவது தடவை கூட்டத் தெம்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு முப்பதாம் நாள் கும்பிட வேண்டும். போய் ஒரு மாதமா? அவர் உடம்பு வந்த பெட்டியைத் திருச்சி ஏர்போர்ட்டில் வாங்கினது நேற்று மாதிரி இருக்கிறது. தூக்கத்திலேயே போய்விட்டார் என்று எழுதிக் கொடுத்தார்கள். சரி, அது மட்டுமாவது நல்லபடியாக.

அத்தை காப்பி குடிக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். கருவாட்டுக் குழம்பு, மொச்சை, அவித்த முட்டை, அதிரசம். "எம்புள்ளைக்குப் புடிச்சது ஒண்ணு வுடாம எலையில வச்சிரணும்." வைக்கலாம். சிங்கப்பூர் போவதற்கு முன்னால் அத்தையின் பிள்ளைக்குப் பிடித்தது அதெல்லாம்.

என் புருஷனுக்கு என்ன பிடிக்கும்? லீவில் வந்தால் எதை வைத்தாலும் "நல்லாருக்கு". ரசத்துக்கும் நல்லாருக்கு, கறிக்கும் நல்லாருக்கு. எனக்குத் தெரியாது என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. மகள் யாழினி ஐந்தாவது படிக்கிறாள், இந்த லட்சணத்தில்.

ஒன்றே ஒன்று தெரியும். ஞாயிறு ஞாயிறு வீடியோ காலில் நான் கேட்கிற முதல் கேள்வி, சாப்பிட்டீங்களா. "ம். இன்னிக்கு டம்ப்ளிங்." பின்னாலேயே படமும் வரும். மூங்கில் கூடையில் வெள்ளை வெள்ளையாக, கொழுக்கட்டைக்குக் கொசுவம் வைத்தது போல. "உள்ள கறி இருக்கும்டி. ஊருக்கு வந்து உனக்குச் செஞ்சு தரேன்" என்றார் ஒரு தடவை. செய்து தரவில்லை.

அதை நான் செய்து இலையில் வைக்கப் போகிறேன். அத்தையிடம் இன்னும் சொல்லவில்லை.

வாங்க: மைதா, கோஸ், வெங்காயத்தாள், இஞ்சி, சோயா சாஸ். யாழினிக்கு ஷூ. கற்பூரம்.

ஜூன் 12, வியாழன்

சொல்லிவிட்டேன். சண்டை.

"அது என்னா பண்டம்?"

"மாவுக்குள்ள கறிய வச்சி அவிக்கிறது அத்தை. அவங்களுக்கு ரொம்பப் புடிக்கும்."

"எங்கிட்ட சொன்னதே இல்லையே."

"எங்கிட்ட சொன்னாங்க."

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "பேரு வாயில நொழையாததயெல்லாம் எலையில வப்பியா? அந்த வாசனைக்கு அவன் நம்ம வூட்டுக்கு வருவானா, திரும்ப அங்கயே போயிருவானா?"

கோபத்தில் கேட்டாரா, நிஜமாகவே பயமா, தெரியவில்லை. ஆனாலும் நான் விடுவதாக இல்லை. அத்தைக்கு ஒரு பிள்ளை இருந்தான். எனக்கும் ஒரு புருஷன் இருந்தான் என்று காட்ட என் கையில் வேறு என்ன இருக்கிறது?

மத்தியானம் மடித்துப் பார்த்தேன். படத்தைப் பார்த்துப் பார்த்து. எல்லாம் வெடித்துத் தண்ணீரில் கூழாகிவிட்டது. கல்யாணமான புதிதில் கொழுக்கட்டை மடித்தபோதும் இதே கதிதான். நம் கைராசி.

பாஸ்கருக்குப் போன் போட்டேன். சிங்கப்பூரில் அவருடைய ரூம்மேட், செந்துறைக்காரர். பெட்டியோடு கூடவே வந்தவர், இன்னும் லீவில் இருக்கிறார். கூட இருந்தவருக்குத் தெரியாதா, உள்ளே என்னென்ன போடுவார்கள் என்று.

"எனக்கு அவ்வளவாத் தெரியாது அண்ணி." பிறகு அவரே கேட்டார், "அத எதுக்குங்க இப்ப? கருவாட்டுக் கொழம்பே போதுமே."

பட்டென்று வைத்துவிட்டேன். எல்லோரும் அத்தை கட்சி.

ஜூன் 13, வெள்ளி

காற்று நின்றுவிட்டது. புழுக்கம். மோட்டார் ஓடவில்லை, குடத்தில் தண்ணீர்.

யூடியூபில் ஒன்று அகப்பட்டது. மடிக்கத் தெரியாதவர்களுக்கு எளிய டம்ப்ளிங் கேசரோல். அதாவது மடிப்பதே கிடையாது. மாவை விரித்து ஒரு அடுக்கு, மேலே கறி ஒரு அடுக்கு, மறுபடி மாவு, மறுபடி கறி. ஒரு வெள்ளைக்கார அம்மா சிரித்துக்கொண்டே அடுக்கி ஓவனில் தள்ளுகிறாள். உனக்கென்னம்மா.

ஓவனுக்கு எங்கே போக. இட்லிப் பானைதான். அகலமான எவர்சில்வர் டப்பாவில் எண்ணெய் தடவி அடுக்கி உள்ளே இறக்கினேன். வெள்ளிக்கிழமை கவுச்சி கூடாது, அதனால் வெறும் கோஸ். மாவைத் தடியாக விரித்துவிட்டேன், நடுவில் வேகவில்லை. இரண்டாவது தடவை அப்பளம் மாதிரி விரித்தேன். வெந்தது. கத்தியால் வெட்டினால் அடுக்கு அடுக்காகத் தெரிகிறது. யாழினி, "லேயர் இட்லிம்மா" என்று இரண்டு துண்டு சாப்பிட்டாள். ஒரு மாதம் கழித்து இன்றுதான் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள்.

நானும் ஒரு வாய். இதுதான் அந்த ருசியா? யாரைக் கேட்க. சாப்பிட்டவர் படத்துக்குள் இருக்கிறார், மாலை போட்டுக்கொண்டு.

ஜூன் 14, சனி

கறிக்கடை பாயிடம் காலையில் கோழி சொல்லியாயிற்று. எலும்பில்லாமல் நன்றாகக் கொத்தித் தருவார். துக்கத்துக்கு வந்திருந்தவர். "நாளைக்கு மொத ஆளா வாம்மா" என்றார்.

சாயங்காலம் வெங்காயத்தாள் நறுக்கிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். சண்டை ரெண்டாம் பாகம் என்று நினைத்தேன்.

"வையி. ஆனா எலை ஓரத்துல வையி."

"சரிங்கத்தை."

"படையலுக்குச் செய்யறது. உப்பு பாக்கறேன் காரம் பாக்கறேன்னு வாயில வச்சிராத. மொதல்ல அவந்தான்."

அது எனக்குத் தெரியாதா. தலையை ஆட்டினேன். போகும்போது வெங்காயத்தாளை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஜூன் 15, ஞாயிறு

வெயில். காலையிலேயே கொளுத்துகிறது.

கோழி, கோஸ், வெ.தாள், இஞ்சி, மிளகு, சோயா சாஸ். உப்பு கைக்கணக்குதான். வாயில் வைக்கவில்லை. நாலு அடுக்கு. மேலே நல்லெண்ணெயில் பூண்டும் மிளகாய்த் தூளும் காய்ச்சி ஊற்றினேன். உடையாமல் வந்தது. அழகாகத்தான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இலை போட்டோம். அத்தை கருவாட்டுக் குழம்பை நடுவில் ஊற்றினார். நான் ஓரத்தில் ஒரு துண்டு வைத்தேன். பாஸ்கர் வந்திருந்தார், நின்றபடியே அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கற்பூரம் காட்டி எல்லோரும் விழுந்து கும்பிட்டோம். வழக்கப்படி கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றோம். அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று.

சொந்தக்காரர்கள் வாசல் பந்தல் நிழலுக்குப் போய்விட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் அத்தை, நான், பாஸ்கர்.

"அண்ணி, போன்லயே சொல்லணும்னு நெனச்சன். வாய் வரல."

"என்னாது?"

"அண்ணன் அத ஒரு தடவகூட சாப்பிட்டதில்லைங்க."

எனக்கு முதலில் புரியவில்லை.

"பஸ் ஸ்டாப்புகிட்ட ஒரு கடை. ஞாயித்துக்கெழம கண்ணாடிக்கு வெளிய நின்னு போட்டோ எடுப்பாரு. காசு போயிருமேன்னு உள்ள போகவே மாட்டாரு. என்னாண்ணே இதுன்னு கேட்டா, செல்வி சாப்பிட்டீங்களான்னு கேப்பாடா, என்னாத்த சொல்றதும்பாரு."

"அப்ப என்ன சாப்பிட்டாங்க?"

"கம்பெனியில காலையில கட்டிக் குடுக்கற சோறுதான். மத்தியானம் தொறந்தா புளிச்சி நாறும். அத தின்னுட்டுத்தான் ஒங்களுக்குப் போன் போடுவாரு."

ஞாயிறு ஞாயிறு கேட்டேனே. நான் கேட்காமல் இருந்திருந்தால் பொய் சொல்லியிருக்க மாட்டார். படம் வந்ததும் நான் என்ன செய்வேன்? பக்கத்து வீட்டில் காட்டுவேன். பாருங்க, எங்க வீட்டுக்காரர் என்னென்ன சாப்பிடறார்னு. பாவி, ஒரு படத்திலாவது அவர் கை இருந்ததா என்று பார்த்தேனா?

அத்தை பாஸ்கர் பக்கம் திரும்பினார். "எம்புள்ள அரவயிறும் கொறவயிறுமாவா கெடந்தான்?"

உள்ளேயிருந்து பூண்டு வாசனை வந்துகொண்டிருந்தது. நேரமாகிவிட்டது, திறக்கலாம் என்று யாரோ பந்தலிலிருந்து சத்தம் கொடுத்தார்கள். எனக்கும் அங்கே நிற்க முடியவில்லை. தாழ்ப்பாளில் கை வைத்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை சுட்டது.

"தொறக்காத செல்வி. செத்த நேரம் இருக்கட்டும். இப்பதான மொத மொதலா திங்கறான்."