அண்ணன் வாசித்து முடித்த பிறகு

என் உயிரான அண்ணிக்கு,

நீங்கள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. இந்த ஒரு வருடத்தில் ஒரு புத்தகத்தைப் பற்றிக்கூட நான் யாரோடும் சண்டை போடவில்லை. சாப்பாடு இறங்குகிறது, தூக்கம் வருகிறது, வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போய் வருகிறேன். ஆனால் ஒரு நாவல் முடிந்ததும் "அந்தப் பொம்பளைக்குப் புத்தி இருக்கா அண்ணி?" என்று கேட்க ஆளில்லை. நான் அப்படிக் கேட்பதற்கே காத்திருந்தவர் மாதிரி, "அவ இடத்துல நீ இருந்தா என்னா செஞ்சிருப்ப, சொல்லு" என்று வரிந்துகட்டிக்கொண்டு வருவீர்களே! இப்போது நாவல் முடிந்தால் முடிந்ததுதான்.

இதைப் பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தில் அடிக்கிறேன். கண் போய் எத்தனையோ வருடம் ஆனாலும், அச்சகத்தில் வேலை பார்த்த விரலுக்கு எந்த எழுத்து எங்கே என்று தெரிகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் வட்டத்துக்காரர்களுக்கு யாராவது இதை வாசித்துக் காட்டினாலும் காட்டட்டும். அவர்களுக்கும் நீங்கள் சொந்தம்தானே?

பெரிய வட்டம்! அடுப்படி மேசையில் உட்கார்ந்து நீங்கள் கேசட்டில் புத்தகம் வாசிப்பீர்கள். அது என்னைப் போல் கண் தெரியாத பத்துப் பன்னிரண்டு பேருக்குப் போகும். நம் தீவிலிருந்து ஃபெரி ஏறி பட்டர்வொர்த், அங்கிருந்து கெப்பாலா பத்தாஸ், பைராம் தோட்டம் என்று சுற்றிவிட்டு நம் வீட்டுப் பெட்டிக்கே திரும்பி வரும். வந்ததும் அதன்மேலேயே அடுத்த புத்தகத்தைப் பதிவீர்கள். "கேட்டு முடிச்சத கட்டிப் புடிச்சிக்கிட்டு இருந்தா அடுத்தது எதுல லா வரும்?" என்பீர்கள். அதுதான் வட்டத்தின் சட்டம்.

ஆஸ்பத்திரியிலும் அதையே சொன்னீர்கள். பேச முடியாமல் பேசி, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆளுங்க அடுத்த புத்தகத்துக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க. பெட்டியில கேசட் இருக்கு. நீங்க வாசிங்க" என்றீர்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அண்ணன் பெட்டியைத் திறந்தார். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் சொன்னதை அப்படியே செய்கிறோம் என்ற நினைப்பைத் தவிர எங்கள் இரண்டு பேருக்கும் வேறு எதுவுமே தோன்றவில்லை. எப்படித் தோன்றாமல் போனது? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

அண்ணன் எடுத்த முதல் புத்தகம் ஓர் ஓய்வுபெற்ற நீதிபதியின் தன்வரலாறு. என் அபிப்பிராயம் கேட்டால், அந்த மனிதர் நீதிபதியாகவே பிறந்து நீதிபதியாகவே வளர்ந்திருக்கிறார். ஒன்பது வயதில் பள்ளிக்கூடத்தில் நடந்த மாங்காய்ச் சண்டையில்கூட அவர் பக்கம்தான் நியாயம். ஒரு இடத்திலாவது "அன்று நான் தப்பு பண்ணிவிட்டேன்" என்று சொல்வார் என்று கடைசி வரைக்கும் காத்திருந்தேன். தன்னைப் பற்றியே எழுதுகிறவருக்குத் தன்னைத் தவிர எல்லாரும் கண்ணில் பட்டிருக்கிறார்கள்.

அண்ணன் வாசிப்பைச் சொல்லவே வேண்டாம். முப்பது வருடம் துறைமுகத்தில் மூட்டைக் கணக்குப் பார்த்த கிராணி அல்லவா? அழுகையும் கல்யாணமும் மழையும் ஒரே குரலில் வரும். அவரிடம் இன்னொரு பிடிவாதமும் உண்டு. நீங்கள் கேசட்டின் பக்கம் தீரும்வரை வாசிப்பீர்கள், வாக்கியத்தின் நடுவில் 'டக்' என்று அறுந்து போகும். அவர் ஒரு பக்கத்துக்கு ஒரு அத்தியாயம்தான். அத்தியாயம் முடிந்தால், "பக்கம் முடிந்தது. கேசட்டைத் திருப்பவும்" என்று அறிவித்துவிட்டு நிறுத்திவிடுவார். மிச்சம் எவ்வளவு இருந்தாலும் சரி.

ஒரு நாள் பகலில் நான் நெத்திலி கிள்ளிக்கொண்டே நீதிபதியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அண்ணன் சாமான் வாங்க பாசாருக்குப் போயிருந்தார். "கேசட்டைத் திருப்பவும்" வந்தது. கையெல்லாம் மீன் வாடை, அதனால் எழுந்து போய் நிறுத்தவில்லை. இயந்திரம் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்சம் இரைச்சல். பிறகு நீங்கள் பேசினீர்கள்.

"படகுக்காரன் என்னைப் பார்த்தான். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அந்தப் பெண்ணுக்கு வலி எடுத்து எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போட்டேன்." அந்த மருத்துவச்சியின் வாழ்க்கைக் கதை, நீங்கள் கடைசியாக வாசித்த புத்தகம். ஒரு பத்தி போனதும் இருமினீர்கள். "இருங்க, ஒரு வாய் தண்ணி குடிச்சிக்கிறேன்" என்றீர்கள். போத்தல் திறந்தது, தம்ளர் மேசையில் வைத்த சத்தம் கேட்டது. தம்ளரைத் தேடி என் கை தன்னால் நீண்டது அண்ணி. மேசையில் நெத்திலித் தட்டுதான் இருந்தது.

அண்ணனின் குரல் எதுவரை போனதோ அதுவரை நீங்கள் அழிந்திருக்கிறீர்கள். அவர் நிறுத்திய இடத்துக்குப் பிறகு மட்டும் நீங்கள் மிச்சமிருக்கிறீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெட்டியில் இருந்த அத்தனை கேசட்டும் நீங்கள். உங்களை ஒவ்வொன்றாக எடுத்து, உங்கள்மேலேயே, உங்கள் புருஷன் பதிந்துகொண்டிருக்கிறார்.

அவரிடம் போய் நான் எப்படிச் சொல்வேன்? தான் பதிந்ததைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் அவருக்கு இல்லை. சொந்தக் குரலைக் கேட்டால் கூசுகிறதாம். நீங்கள் போன பிறகு அந்த மனிதர் காலையில் எழுந்திருப்பதே வாசிப்பதற்காகத்தான். அதையும் பிடுங்கினால் என்ன ஆவார்? மறுநாளே, "ரெக்கார்டு பண்ண பழைய கேசட்டு ஒத்து வரலண்ணே, இரைச்சல் அடிக்குது, புதுசு வாங்குங்க" என்றேன். வாங்கிவந்தார். ஆனால் அதற்குள் பெட்டியில் இருந்த பழைய கேசட் எல்லாவற்றிலும் பதிந்து முடித்துவிட்டார். நீதிபதி முடிந்து, அடுத்த நாவலும் பாதிக்கு வந்திருந்தது.

அதற்குப் பிறகு என் ரசனை கெட்டுப்போய்விட்டது. நீதிபதிக்கு அத்தியாயங்கள் சின்னச் சின்னது, அதனால் பக்கத்தின் கடைசியில் நீங்கள் நிறைய இருந்தீர்கள். "எப்படிம்மா இருக்கு புத்தகம்?" என்று அண்ணன் கேட்டபோது, "அருமைண்ணே, இந்த மாதிரி சுருக்கமா எழுத யாரால முடியும்?" என்றேன். நீங்கள் கேட்டிருந்தால் சிரித்தே செத்திருப்பீர்கள். பாருங்கள், என்ன வார்த்தை வருகிறது எனக்கு!

அந்த நாவல் அப்படி இல்லை. வீட்டைப் பங்கு போட்டுக்கொள்கிற இரண்டு சகோதரர்களின் கதை. ஆசிரியருக்கு நிறுத்தவே தெரியாது. நடுவில் ஒரு சுவர் எழுப்ப ஒரு அத்தியாயம், அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க இன்னொரு அத்தியாயம். பக்கம் முழுக்க அண்ணனே வருவார். "அவ்வளவும் அளப்பு" என்று திட்டினேன். நல்ல நாவல்தான் அண்ணி. உங்களைத் தராததால் திட்டினேன்.

மருத்துவச்சிக்காக நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? ஊரில் உள்ள பிள்ளையெல்லாம் இவள் கையில் பிறந்தது, இவளுக்குப் பிள்ளை உண்டா இல்லையா என்று ஒரு வரி எழுதவில்லையே, இது என்ன வாழ்க்கை வரலாறு என்றேன் நான். "எழுதலேன்னா உனக்குப் புரியாதா?" என்றீர்கள். அதற்குமேல் நீங்கள் வாதாடவில்லை, எழுந்து போய்விட்டீர்கள். பிள்ளை இல்லாத நம் வீட்டில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை நீங்கள் ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று அப்போது எனக்குக் கேட்கத் தெரியவில்லை. இப்போது அது துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. அந்தப் படகு அக்கரைக்குப் போவதே இல்லை.

போன மாதம் கெப்பாலா பத்தாஸ் முத்தையா போன் பண்ணினார். வட்டத்தில் எல்லாரையும்விட மரியாதை தெரிந்த மனிதர், உங்களை 'டீச்சர்' என்றுதான் சொல்வார். போனை அண்ணன் எடுத்தார். சத்தமாகப் பேசுகிறவர் என்பதால் எனக்கும் கேட்டது.

"அண்ணே, கேசட்டு ஒவ்வொண்ணுலயும் கடைசியில டீச்சர் குரல வெச்சிருக்கீங்களே, கேட்டுட்டு நானும் சம்சாரமும் அழுதுட்டோம் லா. யாருக்குண்ணே இந்த மனசு வரும்?"

அண்ணன் "ஆமா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு "ஆமா". போனை வைத்தார். நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்கவில்லை. அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"கமலா, உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே."

"ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீங்க வாசிக்க மாட்டீங்க."

"அவள நானே அழிச்சிட்டேனா?" என்றார். அதைக் கேட்ட குரல் மூட்டைக் கணக்குப் பார்த்த குரல் இல்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. "நானும்தான் பக்கத்துல இருந்தேன்" என்றேன்.

அதோடு அவர் வாசிப்பதை நிறுத்திவிட்டார். பதிவு இயந்திரத்தின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டார். காலையில் கோப்பி குடிப்பார், கடலோரம் எஸ்பிளனேட் பக்கம் நடப்பார், வந்து படுத்துக்கொள்வார். வீட்டில் இரண்டு பேர் இருந்தும் குரல் இல்லை. கண் தெரியாதவளுக்குக் குரல் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் போன அன்றுகூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை. பைராம் தோட்டத்திலிருந்தும் பட்டர்வொர்த்திலிருந்தும் கேட்டுவிட்டார்கள், அந்தத் தம்பி சுவரை இடித்தானா இல்லையா என்று. நாவல் முடியாமல் நிற்கிறதே!

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் அவர் கட்டிலின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். "அண்ணே, உங்க வாசிப்பப் பத்தி நீங்க ஒரு நாளும் என்கிட்டக் கேட்டதில்ல. இன்னிக்கு நானே சொல்றேன்" என்றேன்.

கட்டில் கிரீச்சிட்டது, அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"அந்த நாவல்ல மூத்தவன் பொண்டாட்டி செத்துப்போற அத்தியாயம். சுடுகாட்டுலேருந்து திரும்பி வர்றான். வாசல்ல அவ செருப்பு கெடக்குது. அந்த இடத்துல நீங்க நிறுத்திட்டீங்க. ரொம்ப நேரம். கொழாயில தண்ணி சொட்டுறது கேக்குது, ரோட்டுல பஸ் போறது கேக்குது. அப்புறம் வாசிச்சு முடிச்சீங்க. அண்ணியா இருந்தா அந்த இடத்த வேகமா ஓட்டிட்டுப் போயிருப்பாங்க. அழற எடமெல்லாம் அவுங்களுக்கு ஆகாது. இத்தன வருஷத்துல நான் கேட்டதுலயே அதுதான்ணே நல்ல வாசிப்பு."

"சும்மா சொல்லாத."

"புத்தக விஷயத்துல நான் பொய் சொல்ல மாட்டேன். அந்த ஜட்ஜு ஒருத்தர் விஷயத்துலதான் சொன்னேன்."

அதற்கு அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. என் தோளில் தலையை வைத்து அழுதார் அண்ணி. நீங்கள் போன அன்று அழாத அழுகை. எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது, என் அண்ணன் அழுது நான் கேட்டதே இல்லை.

கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்றால் ஒன்று சொல்கிறேன். நான் அவருக்காகக் கட்டிச் சொன்னது இல்லை அது. உங்கள் வாசிப்பில் எனக்கு இருந்த ஒரே குறை அதுதான். துக்கம் வந்தால் தாண்டி ஓடிவிடுவீர்கள். உங்கள் நோயையும் எங்களிடம் காட்டாமல் அப்படித்தானே தாண்டி ஓடினீர்கள்?

மறுவாரம் எல்லாரிடமிருந்தும் பழைய கேசட்டுகளைத் திரும்ப வாங்கினோம். நானும் அண்ணனும் மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் கடைசியையும் கேட்டோம். சிலவற்றில் நீங்கள் கொஞ்ச நேரம் இருக்கிறீர்கள். சிலவற்றில் அரை வாக்கியம். ஒன்றில் மூச்சு மட்டும்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேற்கொண்டு எதையும் அதில் பதிய முடியாது. அடுத்த புத்தகத்துக்கு வேண்டும் என்று நீங்கள் ஒன்றைக்கூட உடைக்கவிட்டதில்லை. அண்ணன் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து வரிசையாக உடைத்தார். கடைசிக் கேசட்டும் முடிந்ததும், "அவ்வளவுதாம்மா" என்று எழுந்தார்.

நான் அலமாரிக்குப் போய் புதுக் கேசட்டுகளைத் தடவி எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தேன். நாவலின் பிற்பாதியில் இதுவரை பதிந்தவை. அவர் குரல் மட்டும் இருப்பவை.

"இதையும் உடைங்கண்ணே."

"இது என்னோடது லா. புதுசு. அடுத்த புத்தகத்துக்கு ஆகும்ல?"

"உடைங்க."

"என்னோடது எதுக்கும்மா?"

ஸ்க்ரூ டிரைவரைத் தடவி எடுத்து அவர் கையில் வைத்தேன். அவர் திரும்பக் கேட்கவில்லை. பிறகு பல் உடைகிற சத்தம் கேட்டது. ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. எல்லாவற்றையும் உடைத்தார்.

உங்கள் சட்டத்தை மீறிவிட்டோம் அண்ணி. திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள், அவரை விட்டுவிடுங்கள். நேற்று இயந்திரத்தின் துண்டை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வட்டத்துக்குப் புத்தகம் நிற்காது, அதற்கு நான் பொறுப்பு. ஆனால் இந்த வீட்டில் இனி யாருடைய குரலின்மேலும் யாருடைய குரலையும் பதிய விடமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களோடு சண்டை போட்டே வாழ்ந்த,
உங்கள் நாத்தனார்
கமலா